நக்குரு ஏரிப் பூங்கா: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கென்யாவில் உள்ள நக்குரு ஏரி தேசியப் பூங்காவுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை, மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிற வழியில் அரை நாள். அடுத்த தடவை அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இரவு தங்கினோம். அந்த இரண்டாவது பயணத்தில்தான் அந்த இடம் எனக்குப் புரிந்தது. திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நக்குரு எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

நைரோபிக்கு வடமேற்கே சுமார் 160 கி.மீ. தூரம். சாலை வழியாக மூன்று மணி நேரம் ஆகும், லாரிகள் அதிகமான நாளில் நான்கு. நைரோபியை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சாலை ஓரத்தில் நிலம் சட்டென்று கீழே இறங்கி, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடப்பது தெரியும். அங்கே கண்டிப்பாக வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கப் போகும் ஏரி அந்தப் பிளவின் அடித்தரையில்தான் இருக்கிறது. நைவாஷா, எலிமென்டைட்டா, நக்குரு, பொகோரியா, பாரிங்கோ என்று ஏரிகள் வரிசையாக இருப்பதற்கும் அந்தப் பிளவுதான் காரணம்.

ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்டக் கோத்தகிரி உயரம். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் காலை 6 மணிக்கு வண்டிக்குள் நடுங்குவார்கள். ஸ்வெட்டர் அவசியம்.

பூங்காவை ஒட்டியே நக்குரு நகரம். 2021-ல் கென்யாவின் நான்காவது மாநகரமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஒரு பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள், வேலிக்கு இந்தப் பக்கம் எருமைக் கூட்டம். முதலில் பார்க்கும்போது நம்பவே முடியாது.

படங்களில் வருகிற மாதிரி ஏரி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் இருக்குமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இருக்காது. அந்தப் படங்கள் பொய்யில்லை, ஆனால் பழையவை. ஒரு காலத்தில் நக்குருவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் கூடிய நாட்கள் உண்டு. இப்போது சில நூறோ சில ஆயிரமோ கரையோரம் நிற்கலாம். ஒன்றுமே கண்ணில் படாத நாளும் உண்டு. என் முதல் பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் அந்தப் பழைய படத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு போனதால், எதிரே இருந்த எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

ஏன் போய்விட்டன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நக்குரு உவர்நீர் ஏரி. ஆறுகள் உள்ளே வரும், வெளியே போக வழியே கிடையாது. நீர் ஆவியாக ஆகச் சோடா உப்பு தங்கிவிடும். அந்த உவர்நீரில்தான் ஸ்பைருலினா என்று நாம் மருந்துக் கடையில் மாத்திரையாகப் பார்க்கும் நீலப்பச்சை நுண்பாசி செழித்து வளரும். இங்கே அதிகம் கூடிய 'சிறிய பூநாரை' என்ற வகைக்கு அதுதான் சாப்பாடு. தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் விட்டு, வடிகட்டிச் சாப்பிடும். அதன் இறகுக்கு நிறம் கொடுப்பதும் அந்தப் பாசியில் உள்ள நிறமிதான்.

2010 வாக்கில் ஏரியின் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. அப்போது 40 சதுர கி.மீ. அளவில் இருந்த ஏரி பத்தே ஆண்டுகளில் 60-ஐத் தாண்டிவிட்டது. மழைநீர் சேரச் சேர உவர்ப்பு நீர்த்துப்போனது. பாசி குறைந்தது. சாப்பாடு இல்லாத இடத்தில் பறவை எதற்கு இருக்கும்? வடக்கே பொகோரியா, பக்கத்தில் எலிமென்டைட்டா, தெற்கே மகாடி என்று மற்ற உவர் ஏரிகளுக்குப் பிரிந்து போய்விட்டன. அவை எப்போதுமே நாடோடிப் பறவைகள்தான். எந்த ஏரியில் பாசி நன்றாக இருக்கிறதோ அங்கே போகும். குஞ்சு பொரிக்க மட்டும் பெரும்பாலும் தான்சானியாவின் நேட்ரான் ஏரிக்குச் செல்லும்.

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரை பார்த்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். நம் பக்கம் பெரும்பாலும் வருவது பெரிய பூநாரை: உயரமாக, வெளிறிய உடம்போடு, அலகின் நுனி மட்டும் கறுப்பாக இருக்கும். சிறியது குள்ளம், இன்னும் அடர்ந்த நிறம், அலகு கருஞ்சிவப்பு. நக்குருவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வாய்ப்பு உண்டு.

அப்படியானால் எதற்காக நக்குரு போக வேண்டும்?

என்னைக் கேட்டால் காண்டாமிருகத்துக்காக. கருப்பு, வெள்ளை இரண்டு வகையையும் ஒரே நாளில், அதிலும் அருகில் பார்க்க இதைவிட நல்ல இடங்கள் மிகக் குறைவு.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1970 வாக்கில் கென்யாவில் சுமார் 20,000 கருப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காகக் கொன்று கொன்று, 1980-களின் முடிவில் 400-க்கும் கீழே வந்துவிட்டன. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்று, 188 சதுர கி.மீ. மட்டுமே உள்ள இந்தச் சின்னப் பூங்காவைச் சுற்றி 70 கி.மீ.க்கும் மேல் மின்வேலி போட்டு, 1987-ல் காண்டாமிருகச் சரணாலயமாக்கினார்கள். பிறகு வெள்ளைக் காண்டாமிருகங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டன. இங்கே பெருகியவை பின்னாளில் மற்ற பூங்காக்களுக்கும் அனுப்பப்பட்டன. கென்யாவின் கருப்புக் காண்டாமிருக எண்ணிக்கை இன்று ஆயிரத்தை ஒட்டி வந்திருப்பதில் நக்குருவுக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாமே வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2018-ல் நைரோபி, நக்குரு பூங்காக்களிலிருந்து சாவோ கிழக்குப் பூங்காவுக்குக் கொண்டுபோன 11 கருப்புக் காண்டாமிருகங்கள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. புது இடத்து நீரில் உப்பு அதிகம். பத்து அதனாலும் அதைத் தொடர்ந்த பாதிப்புகளாலும் இறந்தன. பதினோராவதைச் சிங்கங்கள் தாக்கின. பல ஆண்டு உழைப்பு சில வாரங்களில் போனது. ஒரு காண்டாமிருகம் வண்டிக்கு இருபதடி தூரத்தில் நின்று புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும்போது, அது அங்கே நிற்பதற்கு எத்தனை பேர் எத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு நினைவுக்கு வரும். அம்மா ஒன்றும் பேசாமல் கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பு எது, வெள்ளை எது? இரண்டும் சாம்பல் நிறமாகத்தானே தெரிகிறது?

நிறத்தை விட்டுவிடுங்கள், வாயைப் பாருங்கள். வெள்ளைக்கு வாய் அகலமாக, சப்பையாக இருக்கும். தலையைத் தரையோடு வைத்துப் புல் மேயும், அதனால் வெட்டவெளியில் நிற்கும். கருப்புக்கு மேலுதடு கூராக வளைந்திருக்கும். அந்த உதட்டால் இலையையும் குச்சியையும் பற்றி இழுத்துத் தின்னும், எனவே புதருக்குள் இருக்கும். வெள்ளையைப் பார்ப்பது சுலபம், கருப்புக்குப் பொறுமை வேண்டும். கருப்பு கொஞ்சம் முன்கோபியும் கூட. டிரைவர் திடீரென்று வண்டியைப் பின்னால் எடுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

யானை உண்டா? சிங்கம், சிறுத்தை?

யானை இல்லை. வேலி போட்ட சின்னப் பூங்கா அது, யானைக்குப் போதாது. யானை பார்க்க அம்போசெலியோ மாராவோ போக வேண்டும்.

சிங்கம் உண்டு. இங்கே சிங்கங்கள் மரக்கிளையில் ஏறிப் படுத்திருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பயணத்திலும் தரையில்தான் தரிசனம். சிறுத்தை நிறைய உண்டு, ஆனால் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். மாலை மங்கும் நேரத்தில் ஏரியோரத்தில் மஞ்சள் பட்டை கொண்ட வேல மரங்களின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், தொங்குகிற வால்தான் முதலில் தெரியும். எருமை, வரிக்குதிரை, இம்பாலா, வாட்டர்பக் மான், நீர்யானை, கழுதைப்புலி எல்லாம் இருக்கின்றன.

ஒட்டகச்சிவிங்கியைச் சும்மா கடந்து போய்விடாதீர்கள். இங்கே இருப்பது ராத்சைல்டு வகை. முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லாமல், வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். மேற்குக் கென்யாவில் அவை வாழ்ந்த நிலங்கள் விவசாயத்துக்குப் போனபோது, 1970-களில் சிலவற்றை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள்தான் நீங்கள் பார்க்கப் போவது.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

ஓர் இரவாவது தங்குங்கள். முடிந்தால் இரண்டு. பயண ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் மாராவுக்கு முன்னாலோ பின்னாலோ அரை நாளை நக்குருவுக்கு ஒட்டிவிடுவார்கள். மதியம் 1 மணிக்கு நுழைந்து 5 மணிக்கு வெளியேறினால், விலங்குகள் நிழலில் படுத்திருக்கும் நேரத்தில்தான் நீங்கள் சுற்றுவீர்கள். ஒரு முழு மாலையும் ஒரு முழு காலையும் கிடைத்தால் போதும், பூங்கா சின்னதுதான்.

பூங்காவுக்குள்ளேயே விடுதிகள் உண்டு. பூங்கா நிர்வாகத்தின் நைஷி விருந்தினர் இல்லத்தில் நாமே சமைத்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்க நினைத்தால் நகரத்தில் தங்கி, கதவு திறக்கும் நேரத்துக்கு வந்துவிடலாம்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், ஜனவரி, பிப்ரவரியிலும் மழை குறைவு, புல் தாழ்ந்திருக்கும், விலங்கு சுலபமாகத் தெரியும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. மண் சாலை சேறாகிவிடும், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் போகாதீர்கள். நவம்பரில் வருவது சிறுமழை. அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்: பெரும்பாலும் பிற்பகலில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஐரோப்பாவிலிருந்து வலசை வந்த பறவைகளும் அப்போது இருக்கும். நம் பள்ளிக் கோடை விடுமுறை பெருமழையோடு மோதுகிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் மே மாதத்தை விட்டு டிசம்பர் கடைசியைப் பார்க்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

இந்தியாவுக்குத் திரும்பி வரும் எல்லாரும் இதை முக்கியமாகப் படியுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்து இறங்கினால் இந்திய விமான நிலையத்தில் உங்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். நைரோபியில் இறங்கும்போது யாரும் கேட்காமல் போகலாம், சிக்கல் திரும்பும்போதுதான்.

ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும். எனவே கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடாதீர்கள். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் உண்டு. ஒரு தடவை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும், அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இந்த ஊசி போடக் கூடாது. 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் போடுவதில்லை. அம்மாவுக்கு அப்போது 63 வயது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவருடைய மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டோம், நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள். நக்குரு உயரமான இடம் என்பதால் கொசு குறைவு, ஆனால் பயணம் அங்கே மட்டும் நிற்கப் போவதில்லையே.

விசா, நுழைவுச் சீட்டு?

2024 ஜனவரியிலிருந்து கென்யா விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி என்ற முறையைக் கொண்டுவந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அரசு இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதே பெயரில் அதிகக் காசு வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வரும், முகவரி கென்ய அரசுடையதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கென்ய வனவிலங்குத் துறைக்கு. வெளிநாட்டவருக்கு டாலரில், உள்ளூர்க்காரர்களை விடப் பல மடங்கு. வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை: இ-சிட்டிசன் என்ற அரசு இணைய வழியில், அட்டையிலோ எம்-பெசா செல்பேசிப் பணத்திலோ கட்ட வேண்டும். ஏற்பாட்டாளர் மூலம் போகிறீர்கள் என்றால், சொல்லும் தொகையில் பூங்காக் கட்டணம் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படிப்பட்ட வண்டி? உள்ளே இறங்கி நடக்கலாமா?

கூரை மேலே தூக்கிக்கொள்ளும் வேன் அல்லது லேண்ட் குரூசர். மழையில்லாத காலத்தில் வேனே போதும். எல்லாருக்கும் சன்னல் கிடைக்கிற மாதிரி ஆள் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள், ஏழு பேர் வேனில் ஏழு பேரை ஏற்றினால் நடுவில் உட்காருபவர் பாவம்.

இறங்க அனுமதித்த இடங்கள் சில உண்டு. மேற்குக் கரையில் உள்ள பபூன் குன்று, தெற்கே மகாலியா அருவி, உணவு உண்ணும் இடங்கள். மற்ற எங்கேயும் கதவைத் திறக்கக் கூடாது, படம் எடுக்க ஒரு காலைக் கீழே வைப்பதுகூடக் கூடாது. புல் மறைவில் படுத்திருக்கும் எருமை உங்களுக்குத் தெரியாது.

பபூன் குன்றுக்கு மாலையில் போங்கள். அது மேற்குப் பக்கம் என்பதால் காலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, மொத்த ஏரியும் எதிர்க்கரை மலைகளும் தெளிவாக விரியும்.

பபூன்கள் தொல்லை தருமா?

தரும். பழனி மலைக் குரங்குகளைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான், ஆனால் பபூன் அதைவிடப் பெரிது, பல் நீளம், பயம் கிடையாது. சன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும், பிஸ்கட் பாக்கெட் போய்விடும். அக்கா மகனிடம் இருந்த வாழைப்பழம் நொடியில் பறிபோனது, கூடவே கையில் ஒரு கீறல். உடனே மருத்துவரிடம் காட்டி ரேபிஸ் ஊசி போட வேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டைப் பைக்குள் வையுங்கள், வெளியில் எடுக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய விலங்குக்கு அதனாலேயே கெடுதல் வரும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. நூறு வருடத்துக்கும் மேலாகக் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் வாழ்கிற நாடு. சப்பாத்தி, சமோசா, டீ எல்லாம் கென்யர்களின் அன்றாடச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. சப்பாத்தியை அதே பெயரில்தான் அழைக்கிறார்கள், டீக்குப் பெயர் 'சாய்'. விடுதிகளில் பருப்பும் காய்கறிக் குழம்பும் இருக்கும். உள்ளூர்ச் சாப்பாட்டில் மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கித்தேரியையும், சுக்குமா விக்கி என்ற கீரைப் பொரியலையும் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். கித்தேரியில் கொஞ்சம் ஊறுகாய் தொட்டுக்கொண்டால், அம்மா சொன்ன மாதிரி, இன்னொரு தட்டு கேட்கும்.

பிளாஸ்டிக் விதிகள் கடுமையா?

ஆமாம். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவுமே கூடாது, தண்ணீர் பாட்டில் உட்பட. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். ஊறுகாய், பொடி வகைகளைக் கடைக் கவரில் சுற்றாமல் டப்பாவில் போடுங்கள்.

வயதானவர்களை, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். இன்னும் சொல்லப்போனால், முழங்கால் வலி உள்ள பெற்றோருக்கு மாராவை விட நக்குரு எளிது. நைரோபியிலிருந்து பெரும்பகுதி நல்ல தார்ச்சாலை, பூங்காவும் சின்னது, மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு மறுபடி கிளம்பலாம். முன்சீட்டை அவர்களுக்குக் கொடுங்கள், பின்சீட்டில்தான் குலுக்கல் அதிகம். இடுப்புக்குப் பின்னால் வைக்க ஒரு சின்னத் தலையணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். பார்த்த விலங்கை நோட்டில் வரையச் சொன்னால் நேரம் போகும். சிங்கத்துக்கு சிம்பா, காண்டாமிருகத்துக்கு கிஃபாரு, ஒட்டகச்சிவிங்கிக்கு ட்விகா, எருமைக்கு ந்யாட்டி என்று சுவாஹிலிப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். டிரைவர்கள் வண்டி ரேடியோவில் பேசிக்கொள்வதில் அந்தச் சொல் வந்ததும் பிள்ளைகள் நமக்கு முன்னால் எழுந்து நிற்பார்கள்.

பைனாகுலர் வேண்டுமா? பெரிய கேமரா?

பைனாகுலர் வேண்டும், ஆளுக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 8 மடங்கு உருப்பெருக்கம் போதும். கேமரா இல்லாவிட்டால் பரவாயில்லை. டிரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.

நீரில் பட்டுப்போன மரங்களாக நிற்கிறதே, அது என்ன?

ஏரி பெருகியபோது மூழ்கிய கரையோரக் காடு அது. முன்பு அங்கே நின்றவை மஞ்சள் பட்டை கொண்ட வேல மரங்கள். பட்டையைக் கையால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். ஆங்கிலத்தில் இதைக் 'காய்ச்சல் மரம்' என்பார்கள்: பழைய ஐரோப்பியப் பயணிகள் இந்த மரத்தடியில் தங்கினால் காய்ச்சல் வருவதைப் பார்த்து, மரத்தின் மேல் பழி போட்டார்கள். உண்மையில் மரம் வளர்ந்தது ஈரமான இடத்தில், ஈரத்தில் கொசு, கொசுவால் மலேரியா. மேட்டில் உள்ளவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. காலை வெயில் அந்தப் பட்டையில் படும்போது காடு முழுக்கப் பொன்னிறமாகிவிடும். மூழ்கியவை வெறும் எலும்புக்கூடாக நீருக்குள் நிற்க, நீர்க்காகங்கள் அவற்றில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மீன்பிடிக் கழுகின் கூவலும் அங்கிருந்துதான் கேட்கும்.

கிழக்குச் சரிவில் இன்னொரு காடு இருக்கிறது, அதைப் பலர் நிறுத்தாமலே கடந்துவிடுகிறார்கள். முழுக்கக் கள்ளி மரங்கள். நம் ஊர் வேலியோரச் சதுரக்கள்ளியின் சொந்தம், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம், கிளைகள் குத்துவிளக்குக் கொத்து மாதிரி மேலே ஏந்தி நிற்கும். கிளை ஒடிந்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த அளவு பெரிய கள்ளிக்காடு ஆப்பிரிக்காவிலேயே அபூர்வம்.

ஏரி ஏன் இப்படிப் பெருகுகிறது? அங்கே வாழ்கிறவர்கள் என்ன ஆனார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 'நக்குரு' என்ற பெயரே மாசாய் மொழியில் புழுதி நிறைந்த இடம் என்ற பொருளில் வந்ததாகச் சொல்வார்கள். 1990-களில் ஏரி வற்றி, தரையிலிருந்து வெண்புழுதி பறந்த காலமும் உண்டு. அந்த இடத்தில் இப்போது வெள்ளம். பழைய முதன்மை வாயிலும் அலுவலகக் கட்டடங்களும் மூழ்கி, வாயிலை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஏரியைச் சுற்றி ஓடிய பாதையில் பல பகுதிகள் நீருக்கடியில். அதனால் பழைய வரைபடங்களை நம்பாதீர்கள்.

முக்கியக் காரணம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த மிகை மழை. மேற்கே 'மாவ்' என்ற மலைக்காட்டில் மரங்கள் பெருமளவு வெட்டப்பட்டதால், மழைநீர் மண்ணில் இறங்காமல் வண்டலோடு சேர்ந்து நேரே ஏரிக்கு ஓடிவருகிறது. நிலத்தடி அசைவுகளுக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். பள்ளத்தாக்கின் மற்ற ஏரிகளும் இதே காலத்தில் பெருகின. வடக்கே பாரிங்கோ ஏரியில் நீர் சூழ்ந்த நிலத்தில் சிக்கிக்கொண்ட ராத்சைல்டு ஒட்டகச்சிவிங்கிகளை 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை ஒவ்வொன்றாக மிதவையில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள்.

விலங்குகளைப் பற்றிய செய்தி உலகம் முழுக்கப் போனது. ஏரியோரம் வீட்டையும் வயலையும் இழந்த குடும்பங்களைப் பற்றி அவ்வளவு போகவில்லை. எங்கள் டிரைவரின் சித்தப்பா வீடு அப்படிப் போனது. வண்டியை நிறுத்தி, நீருக்குள் தெரிந்த ஒரு கூரையைக் காட்டினார். உள்ளூர்க்காரர்களிடம் விலங்கைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருக்காமல் இதையும் கேளுங்கள், சொல்ல அவர்களுக்கு நிறைய இருக்கிறது.

ஏரியில் படகு சவாரி உண்டா?

படகில் போக ஆசையென்றால் வழியில் நைவாஷாவில் இறங்குங்கள். அது நன்னீர் ஏரி, நீர்யானைக் கூட்டங்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். உயிர்க்கவசச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள்.

டிரைவரிடம் எப்படி நடந்துகொள்வது?

அவர்தான் உங்கள் வழிகாட்டியும். பலருக்கு நூற்றுக்கணக்கான பறவைகளின் பெயர் தெரியும். முதல் நாளே பெயர் கேட்டு, உங்களுக்கு என்ன பார்க்கப் பிடிக்கும் என்று சொல்லிவிடுங்கள். பறவையில் ஆர்வம் என்று நாங்கள் சொன்ன பிறகு எங்கள் பயணமே மாறிவிட்டது, சிங்கத்தைத் தேடி ஓடுவதை விட்டு நின்று நின்று போனார்.

தடத்தை விட்டு விலகி ஓட்டச் சொல்லாதீர்கள். கூடுதல் பணம் தருகிறேன் என்று சொல்லிக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் அபராதமும் வேலை இழப்பும் அவருக்குத்தான். விலங்கு பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் பேசுவது, கை தட்டி அதைத் திரும்பச் செய்வது, போனில் பாட்டு வைப்பது, எதுவும் வேண்டாம். கடைசி நாள் அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம், அதை முதலிலேயே பட்ஜெட்டில் ஒதுக்கிவையுங்கள்.

கூழைக்கடாக்கள் நிறையத் தெரிகின்றன. உவர் ஏரியில் மீன் எப்படி வந்தது?

நல்ல கேள்வி. 1950-60களில் கொசுவைக் கட்டுப்படுத்துவதற்காக, உவர்நீரைத் தாங்கும் ஒரு சின்னத் திலேப்பியா மீனை மகாடி ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மீன் பெருகியதும் கூழைக்கடாக்கள் வந்து சேர்ந்தன. அவை கூடு கட்டுவது பக்கத்து எலிமென்டைட்டாவின் பாறைத் தீவுகளில். இரை தேடி மட்டும் மலையைத் தாண்டி இங்கே பறந்து வரும். காலை 9 மணிக்கு மேல், தரை சூடாகி வெப்பக்காற்று எழும்போது, அவை வட்டமடித்து ஏறுவதை அண்ணாந்து பாருங்கள்.

எனக்குப் பூநாரைக் கூட்டம் பார்த்தே தீர வேண்டும். என்ன செய்யலாம்?

நக்குருவில் இரண்டு இரவு போட்டு, நடுவில் ஒரு நாளைப் பொகோரியா ஏரிக்குக் கொடுங்கள். வடக்கே சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பொகோரியா ஆழமானது, அதன் உவர்ப்பு அவ்வளவு எளிதில் நீர்த்துப்போகவில்லை, பாசி இருக்கிறது. கரையோரம் வெந்நீர் ஊற்றுகளும் உண்டு, கொதிக்கிற நீர், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பொகோரியா, நக்குரு, எலிமென்டைட்டா மூன்றையும் சேர்த்துத்தான் 2011-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பறவைகளும் அந்த மூன்றுக்கும் இடையே மாறி மாறிப் பறக்கின்றன.

கிளம்புவதற்கு முந்தின வாரம் உங்கள் ஏற்பாட்டாளரிடம், "இப்போது பூநாரைகள் எந்த ஏரியில் இருக்கின்றன?" என்று கேளுங்கள். அந்த வாரம் எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் போன அன்று பொகோரியாவின் வளைவு ஒன்றைத் திரும்பியதும், எதிர்க்கரை ஓரம் முழுக்க ஒரு நிறக்கோடு தெரிந்தது. பூ பூத்திருக்கிறது என்றார் அம்மா. வண்டி நெருங்கியபோது அந்தக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது.